முறிந்த போல்ட்டை எறியாதீர்கள்

மாத்திரை அட்டைக்குள் செருகிக் கொண்டுவருகிறார்கள். செய்தித்தாள் துண்டில் மடித்துக் கொண்டுவருகிறார்கள். எட்டாம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கிற சின்னத் தலை, அதற்குக் கீழே அரை அங்குலத் தண்டு, அதோடு சரி. மீதி எஞ்சினுக்குள் இருக்கிறது.

நான் ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்தவன். பட்டறை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தூத்துக்குடியில் ஒரு நுகர்வோர் அமைப்பில் உட்கார்ந்து மனு எழுதித் தருகிறேன். அதனால் இரண்டு வகைக் கேள்வியும் என்னிடம்தான் வருகிறது: போல்ட்டை எப்படி எடுப்பது, செலவை யாரிடம் கேட்பது.

சென்ற மாதம் ஒரு தம்பி வந்தார். "அண்ணாச்சி, ஒரு போல்ட்டுதான் முறிஞ்சிட்டு. எஞ்சின் கேஸையே மாத்தணும்னு சொல்லுதாங்க."

"முறிஞ்சதுக்கு அப்புறம் நீங்க என்ன செஞ்சீங்க தம்பி?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பக்கத்து வீட்டில் டிரில் மெஷின் வாங்கித் துளை போட்டிருக்கிறார். பிட் வழுக்கி அலுமினியத்தைத் தின்றுவிட்டது. கடைக்கு ஓடி, முறிந்த தண்டைத் திருகி எடுக்கிற ஈஸி அவுட் ஒன்று வாங்கி வந்து திருகியிருக்கிறார். அதுவும் உள்ளேயே ஒடிந்தது. பிறகு அதன் மேல் எம்-சீல் வைத்து அடைத்து, "பழைய ரிப்பேர், எனக்குத் தெரியாது" என்று சர்வீஸ் சென்டரில் சொல்லியிருக்கிறார். போல்ட் முறிந்தது காலை ஒன்பது மணிக்கு. எஞ்சின் கேஸ் கெட்டது பதினொன்றரைக்கு. பொய் சொன்னதால் அவருடைய உரிமையும் அன்று சாயங்காலமே கெட்டுவிட்டது.

முறிந்த போல்ட் யாரையும் ஏழையாக்குவதில்லை. முறிந்த பிறகு வருகிற அந்த இரண்டரை மணி நேரம்தான் ஆக்குகிறது. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இத்தனை எழுதுகிறேன்.

ஏன் முறிகிறது என்பதில் நெடுநேரம் நிற்க வேண்டாம். இரும்பு போல்ட், அலுமினிய எஞ்சின், இடையில் உப்பு ஈரம். மூன்றும் சேர்ந்தால் அரிப்பு உள்ளே வெள்ளை மாவாகப் பூத்து மரையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஊரில் உப்பளத்துப் பாதையில் தினமும் போய்வரும் மொபெட்டின் சைலன்சர் ஸ்டட்டைப் பார்த்தால் புரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் இந்த மாவட்டத்தில் எத்தனையோ வண்டிகள் ஹேண்டில்பார் வரை மூழ்கிக் கிடந்தன. அவற்றை ஸ்டார்ட் ஆகிற அளவுக்கு மட்டும் சரிசெய்து ஓட்டியவர்களின் வண்டிகளில் இன்றும் போல்ட்கள் முறிகின்றன.

இன்னொரு காரணம் கையின் பலம். எஞ்சின் மூடியில் இருக்கும் எம்-6 போல்ட்டுக்குத் தேவையான இறுக்கம் ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர். ஒரு சாண் நீள ஸ்பேனரின் நுனியில் நாலரைக் கிலோ பாரத்தைத் தொங்கவிட்டால் எவ்வளவோ அவ்வளவுதான். வளர்ந்த ஆள் அதே ஸ்பேனரை இருபது கிலோ விசையில் சாதாரணமாக இழுப்பார். அதில் பைப் ஒன்றைச் செருகி நீளமாக்கினால் கேட்கவே வேண்டாம். போல்ட்டின் தலையில் 8.8 என்று இருந்தால், அது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவை தாங்கும். அதில் 80 சதவீதத்தைத் தாண்டினாலே நீண்டுவிடும், பழைய நிலைக்குத் திரும்பாது என்று பொருள். பல சர்வீஸ் சென்டர்களில் இதையெல்லாம் பார்ப்பதில்லை. கடைசி இறுக்கத்தையும் ஏர் கன்னிலேயே முடித்துவிடுகிறார்கள். அங்கே பாதி உயிர் போன போல்ட், உங்கள் வீட்டு வாசலில் உங்கள் கையில் முறிகிறது. பழியும் உங்கள் மேல் விழுகிறது.

முறிவதற்கு முன்னால் கைக்கு ஒரு செய்தி வரும். இறுக்கமாக நின்ற ஸ்பேனர் திடீரென்று இளகும், அல்வாவைத் திருகுவது போல. கழல்கிறது என்று மனம் சொல்லும். நம்பாதீர்கள். தலைக்கு அடியில் உற்றுப் பாருங்கள். தலை கால் சுற்று சுற்றியிருக்கும், ஆனால் மூடியிலிருந்து ஒரு மயிரிழை கூட மேலே வந்திருக்காது. தண்டு முறுக்கிக்கொள்கிறது. அந்த நொடியில் நிறுத்தினால் போல்ட் பிழைக்கும். திரும்ப இறுக்குகிற பக்கம் கொஞ்சம் திருப்பி, துருவிளக்கி எண்ணெய் விட்டு, ராத்திரி முழுவதும் விட்டுவைத்து, காலையில் முன்னும் பின்னுமாகச் சிறுகச் சிறுக அசைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். அவசரப்பட்டால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஒரு தடவை கேட்டவர்களுக்கு அது மறக்காது.

கேட்டுவிட்டதா? கையை எடுங்கள். ஸ்பேனரைக் கீழே வையுங்கள். முதல் வேலை, போனில் படம் எடுப்பது. நம்பர் பிளேட்டும் முறிந்த இடமும் ஒரே படத்தில் வருவது போல ஒன்று, முறிந்த இடத்தின் நெருக்கமான படம் ஒன்று, கிலோமீட்டர் மீட்டர் ஒன்று. படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் போன படத்தில் எடுத்த நேர விவரம் உதிர்ந்துவிடும். முறிந்த தலையையும் எறியாதீர்கள். முறிந்த முகம் பழைய துருவோடு பழுப்பாக இருந்தால் அது முன்பே பாதி விரிசல் விட்டிருந்தது. முகம் முழுக்கப் பளபளவென்று புதிதாக இருந்தால் இன்றைக்கு முறிந்தது. விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்தே பாதிக் கதையைச் சொல்லிவிடுவார். இரண்டு ரூபாய் இரும்பு என்று சாக்கடையில் போட்டுவிட்டு என்னிடம் வந்து நின்றவர்கள் பல பேர்.

அடுத்து, மிச்சத் தண்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேற்பரப்புக்கு வெளியே கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால் நல்ல காலம். கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, குறைந்தது ஒரு ராத்திரி விடுங்கள். பிறகு வைஸ் கிரிப்பால் இறுக்கிப் பிடித்து அசைக்கலாம். அசையவில்லை என்றால் சுற்றியுள்ள அலுமினியத்தை ஹீட் கன்னால் சூடாக்கலாம். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் பிடி தளரும். தீ வைத்துச் சூடாக்காதீர்கள். இரும்பு உருகுவதற்கு முன் சிவக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதற்கு முன் நிறம் மாறிக் காட்டாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழைந்து உட்கார்ந்துவிடும்.

தண்டு மட்டத்தோடு மட்டமாகவோ உள்ளே ஆழத்திலோ முறிந்திருந்தால், இதற்கு முன் இந்த வேலை செய்யாத நீங்கள் அதை வீட்டில் செய்யக் கூடாது. அழுத்திச் சொல்கிறேன், செய்யக் கூடாது. முறிந்த முகம் ஒருபோதும் தட்டையாக இருக்காது. நடுவில் சென்டர் பஞ்ச் குறி விழ வேண்டும். கை டிரில் அந்தக் குறியில் நிற்க வேண்டும். எம்-6 போல்ட்டில் மரையின் அடிவாரத்துக்கு நடுவே இருப்பது ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லாத இரும்பு. அரை மில்லிமீட்டர் சரிந்தாலே துளை ஒரு பக்கம் சாய ஆரம்பித்துவிடும். இரும்பைவிட அலுமினியம் மென்மையானது என்பதால் பிட் அந்தப் பக்கம்தான் ஓடும்.

ஈஸி அவுட் என்ற பெயரே ஊரை ஏமாற்றுகிறது. அது மிகக் கெட்டிப்படுத்திய எஃகு. கெட்டியானது எதுவும் வளையாது, ஒடியும். ஸ்பேனரின் பலத்துக்கே வராத போல்ட்டை, அதற்குள் துளைத்த சின்னத் துளையில் நுழைகிற மெல்லிய கூம்பு எடுத்துவிடும் என்று நம்புவது நியாயமா? துளைக்குள் அது இறுக இறுகத் தண்டை வெளிப்பக்கம் விரித்து மரையோடு இன்னும் அழுத்துகிறது. ஒடிந்துவிட்டால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது. டை வேலை செய்கிற பட்டறையில் ஸ்பார்க் எரோஷன் போட்டுத்தான் கரைத்தெடுக்க வேண்டும். கோவையிலும் அம்பத்தூர் பக்கமும் அப்படிப் பட்டறைகள் உண்டு. எல்லா ஊரிலும் கிடைக்காது. அந்தத் தம்பியின் எஞ்சின் கேஸ் இப்போது அங்கே போக வேண்டிய நிலையில்தான் இருக்கிறது.

நீங்கள் போக வேண்டிய இடம் லேத் பட்டறை. ஷோரூமுக்கு முன்னால் அங்கே போங்கள், வண்டி வாரண்டியில் இல்லாத பட்சத்தில். போய், "போல்ட் எடுத்துத் தாங்க" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இடது சுற்று டிரில் பிட் வைத்திருக்கிறீர்களா? அது கழல்கிற திசையிலேயே சுற்றுவதால் துளை போடும்போதே பல போல்ட்கள் தாமாக ஏறி வந்துவிடும். மிச்சத் தண்டின் மேல் நட் வைத்து வெல்டிங் செய்து எடுப்பீர்களா? அனுபவமுள்ள வெல்டருக்கு இது கைவந்த வேலை. வெல்டிங்கின் சூடும் பிடியைத் தளர்த்தும். மரை போய்விட்டால் ஹெலிகாயில் போடுவீர்களா, அல்லது பெரிய போல்ட்டுக்கு மரை வெட்டுவீர்களா? ஹெலிகாயில் என்பது சுருள் கம்பியாலான புது மரை. போல்ட்டின் பழைய அளவு மாறாது. "எட்டாக்கிடலாம் சார்" என்று சொல்லி எம்-6 துளையை எம்-8 ஆக்குகிற பட்டறையில், பக்கத்துச் சுவர் எவ்வளவு தடிமன் மிஞ்சும் என்று காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாதவரிடம் எஞ்சினைக் கொடுக்காதீர்கள். கூலியையும் முன்கூட்டிப் பேசி, ஒரு துண்டுச்சீட்டிலாவது எழுதி வாங்குங்கள்.

பி.எஸ்.6 வண்டி, அதாவது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் வெல்டிங் செய்வதென்றால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும், ஈ.சி.யூ. கனெக்டரையும் கழற்ற வேண்டும், எர்த் கிளாம்ப்பை வேலை நடக்கும் இடத்துக்கு மிக அருகில் மாட்ட வேண்டும். எஞ்சினைத் தனியாக இறக்கிக் கொண்டுபோனால் இந்தக் கவலை இல்லை. வெல்டர் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.

உயிர்ப் பயம் உள்ள விஷயங்களை இப்போது சொல்கிறேன். கண்ணாடி போடுங்கள். நான் பயிற்சி மாணவனாக இருந்தபோது, ஒடிந்த ஸ்டட்டின் ஓரத்தில் உளியை வைத்து ஒரே ஒரு அடி அடித்தேன். இடது கண்ணில் எறும்பு கடித்தது போல இருந்தது. கசக்கவில்லை, ஆனால் தண்ணீர் அடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். மறுநாள் காலையில் கண் திறக்க முடியவில்லை. கருவிழியில் இரும்புத் துணுக்கு பதிந்து, அதைச் சுற்றித் துரு வளையமே கட்டியிருந்தது. டாக்டர் ஊசி முனையால் எடுத்தார். இன்றும் அந்தக் கண்ணில் விளக்கைப் பார்த்தால் ஒளி சிதறும். சுத்தியல் அடியில் தெறிக்கும் துணுக்கு சில சமயம் கருவிழியைத் துளைத்துக் கண்ணுக்குள்ளேயே போய்விடும், வெளியில் பெரிதாக எதுவும் தெரியாமலே. உறுத்தல் இருந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள், உலோக வேலை செய்துகொண்டிருந்தேன் என்று சொல்லுங்கள். வாழ்க்கையில் எப்போது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும். கண்ணுக்குள் இரும்பு இருந்தால் அந்தக் காந்தம் அதை அசைத்துப் பார்வையைப் பறிக்கும்.

பெட்ரோலால் துரு துடைத்த இடத்தில் டிரில் போடாதீர்கள், சூடு காட்டாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. வாசல் தரையிலேயே படர்ந்து கிடக்கும். பிரேக் கிளீனர் டப்பாவில் குளோரின் சேர்ந்த கரைப்பான் என்றிருந்தால், அது படிந்த இடத்தில் வெல்டிங் செய்யவே கூடாது. அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். கார் என்றால், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். முறிந்த போல்ட்டோடு மல்லுக்கட்டுகிறவர் வண்டியைக் குலுக்குவார். ஜாக்கி சரிய அது போதும்.

சில போல்ட்கள் முறிந்தால் வண்டியை நகர்த்தவே கூடாது. பிரேக் கேலிப்பர், ஆக்சில், ஹேண்டில், சஸ்பென்ஷன், சக்கர ஸ்டட். "நாலு நட்டுல மூணு இருக்கே, போதும்" என்று காரை மதுரை வரை ஓட்டிக்கொண்டு போனவரை எனக்குத் தெரியும். மீதி மூன்றும் நாலாவதின் பாரத்தைச் சேர்த்துச் சுமக்கின்றன. அவையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். சட்டமும் இதைச் சும்மா விடுவதில்லை. ஆபத்தான குறை இருப்பது தெரிந்தே, அல்லது சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்கக் கூடிய நிலையில், பொது இடத்தில் வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவில் 1,500 ரூபாய் அபராதம். அதனால் விபத்தாகி யாருக்காவது காயமோ சேதமோ ஏற்பட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வண்டியை டோ செய்து கொண்டுபோங்கள்.

இனி காகிதம். இதில்தான் எங்கள் மக்கள் தோற்கிறார்கள்.

ஒரு டீச்சரம்மா தன் ஸ்கூட்டரோடு வந்தார். பெய்டு சர்வீஸ் முடிந்து பத்து நாள். எஞ்சின் மூடியின் ஓரத்தில் எண்ணெய் கசிவு. துணியால் துடைத்தபோது ஒரு போல்ட் தலை விரலோடு வந்துவிட்டது. முறிந்த தலையைப் பசை போட்டு ஒட்டி, மேலே கிரீஸ் தடவி வைத்திருக்கிறார்கள். கேட்டதற்கு, "நீங்க வெளியில எங்கேயோ பிரிச்சிருக்கீங்க மேடம்" என்று பதில். சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டு நகல் வாங்கவில்லை. பில் இருந்தது, அதிலும் 'ஜெனரல் சர்வீஸ்' என்ற இரண்டு வார்த்தைதான்.

வேலை செய்கையில் போல்ட் முறிவது குற்றமாகாது, யார் கையிலும் முறியும். அதை மறைப்பதுதான் குற்றம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11), சேவைக் குறைபாடு என்பதற்குச் சொல்லும் பொருளில், நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேர்த்திருக்கிறது. இந்தப் பிரிவு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் குரல் உயர்த்துவதைவிட, கடிதத்தில் இந்த எண்ணைக் குறிப்பிடுவது வேலை செய்யும். பில் தர மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம், பிரிவு 2(47).

ஆகவே வண்டியை எங்கே விட்டாலும் ஜாப் கார்டு இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். முறிந்த போல்ட்டோடு விடுகிறீர்கள் என்றால் அதில் எழுத வேண்டிய வாசகத்தை அப்படியே தருகிறேன்: "எஞ்சின் இடது மூடியில் கீழிருந்து இரண்டாவது போல்ட் முறிந்த நிலையில் உள்ளது. உரிமையாளர் கழற்றும்போது இன்ன தேதியில் முறிந்தது. அதன்பின் துளையிடவோ வெல்டிங் செய்யவோ இல்லை. எடுக்கும் முறையும், கேஸ் மாற்ற நேர்ந்தால் ஆகும் செலவும் வேலைக்கு முன் எழுத்தில் தெரிவிக்கப்பட்டு ஒப்புதல் பெறப்படும். கழற்றிய பாகங்கள் திருப்பித் தரப்படும்." நீங்களே துளை போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். உண்மையைச் சொன்னவருக்கு அந்த ஒரு துளையின் பொறுப்பு மட்டும் வரும். மறைத்தவருக்கு எல்லாம் வரும். "சிஸ்டத்துல அதெல்லாம் டைப் பண்ண முடியாது சார்" என்பார்கள். முடியாதென்றால் அச்சிட்ட கார்டில் பேனாவால் எழுதி, அவர் கையெழுத்தோடு போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் அங்கேயே நின்று அவர்களுடைய மெயிலுக்கு அனுப்பிவிட்டு வாருங்கள்.

வாரண்டி உள்ள வண்டியில் நீங்களாக ஸ்பேனர் வைப்பதற்கு முன் வாரண்டிப் புத்தகத்தின் விலக்குப் பக்கத்தைப் படியுங்கள். யாரும் படிப்பதில்லை. இன்சூரன்ஸ் கிளெய்ம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். வண்டியின் சொந்தச் சேதக் காப்பீடு தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் ஏற்காது. "கல்லில் இடிச்சதுன்னு போட்டுக்கலாம்" என்று யோசனை சொல்கிற ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். அது மோசடி. சர்வேயர் கண்டுபிடித்தால் உங்கள் பெயரில்தான் நிற்கும்.

சர்வீஸ் சென்டர் தவறு என்று தெரிந்தால் முதலில் எழுத்து மூலம் கேளுங்கள். பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணுக்கு மேலே அச்சாகியிருக்கும் நிறுவனப் பெயரைப் பாருங்கள். வாசல் போர்டில் இருக்கிற பெயரும் அதுவும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. கடிதம் சட்டப்படியான பெயருக்குப் போக வேண்டும். என்ன நடந்தது, என்ன வேண்டும், எத்தனை நாளில் வேண்டும்: மூன்றும் ஒரு பக்கத்தில் அடங்கட்டும். 15 நாள் கெடு கொடுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்குள் வண்டியை வேறு இடத்தில் சரிசெய்துவிடாதீர்கள். சரிசெய்தே ஆக வேண்டும் என்றால், வேறொரு பட்டறையில் கழற்றும்போது வீடியோ எடுத்து, அந்த மெக்கானிக்கிடம் தான் கண்டதைக் கையெழுத்தோடு எழுதி வாங்கி, பழைய பாகங்களைப் பையில் கட்டி வையுங்கள்.

அடுத்த படி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். இங்கேதான் பலரும் ஏமாந்து நிற்கிறார்கள். அங்கே புகார் எண் கிடைத்ததும் வழக்குப் போட்டாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். 1915 சமாதானம் பேசும் இடம், தீர்ப்புச் சொல்லும் இடமில்லை. வழக்குத் தொடர உங்களுக்கு உள்ள 2 ஆண்டுக் கெடு, நீங்கள் அந்த எண்ணுக்குப் பேசிக்கொண்டிருந்தாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மறுபடியும் சொல்கிறேன்: அந்த 2 ஆண்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும். "புகார் முடிக்கப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். வந்தால் உங்கள் உரிமை முடிந்துவிடவில்லை.

தீர்ப்புச் சொல்லும் இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலோ வேலை பார்க்கும் மாவட்டத்திலோ போடலாம். சென்னையில் விட்ட வண்டிக்குத் தூத்துக்குடியில் வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த விலையோ கூலியோ 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. 2025 முதல் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், காணொளி மூலம் விசாரணைக்கு விண்ணப்பிக்கலாம். புகார் மனு, அதில் சொன்னது உண்மை என்ற உறுதிமொழிப் பத்திரம், தேதி வரிசையில் ஆவணப் பட்டியல், பில், ஜாப் கார்டு, கடிதம், அஞ்சல் ரசீது, படங்கள். வக்கீல் உதவி தேவைப்பட்டு வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அங்கே வருமானம் பார்க்காமல் உதவி உண்டு.

ஆட்டோ ஓட்டுகிறவர்களையும் உணவு டெலிவரி செய்கிற பிள்ளைகளையும் "நீங்க கமர்ஷியல், நுகர்வோர் சட்டத்துல வர மாட்டீங்க" என்று விரட்டுகிறார்கள். பொய். சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் வண்டி வணிக நோக்கத்தில் சேராது என்று பிரிவு 2(7)-இன் விளக்கத்திலேயே இருக்கிறது. அதைப் படித்துப் பார்க்காமல் ஒரு நாள் சம்பாத்தியத்தையும் கெடுத்து அலைய விடுகிறவர்கள் மேல் எனக்குப் பொறுமையே இல்லை.

புகாரை ஏற்பதா என்று சாதாரணமாக 21 நாளில் முடிவு செய்ய வேண்டும் என்றும், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன நாளிலிருந்து 3 மாதத்தில், ஆய்வகப் பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நான் எழுதித் தந்த மனுக்களில் பல அந்தக் கெடுவை வாய்தாவிலேயே தாண்டியிருக்கின்றன. காலியிடங்களை நிரப்பாமல் ஆணையங்களை நடத்துகிற அரசுகளுக்கு இது உறைக்க வேண்டும். ஆனாலும் போடுங்கள். டீச்சரம்மாவின் விஷயத்தில் வழக்கு வரையே போகவில்லை. பிரிவு 2(11)-ஐக் குறிப்பிட்டு, ஒட்டிய தலையின் படத்தை இணைத்து எழுதிய கடிதம் போன எட்டாம் நாள், எஞ்சின் மூடியும் போல்ட்களும் புதிதாகப் போட்டுத் தருவதாகப் போன் வந்தது. அந்தத் தலை மட்டும் கையில் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் போன் வந்திருக்காது.

எடுத்த இடத்தில் புதுப் போல்ட் போடும்போது தெருமுனை ஹார்டுவேரில் நீளம் பார்த்து வாங்கிப் போடாதீர்கள். தலையில் எண் இல்லாத போல்ட் எஞ்சினுக்கு ஆகாது. அதே அளவு, அதே நீளம், அதே மரை இடைவெளி. எண்ணெய் டிரெயின் போல்ட் என்றால் வாஷரும் புதிது. வாகனக் கையேட்டில் சொன்ன இறுக்கம், டார்க் ரெஞ்ச் வைத்து. போட்ட அன்று இரவு வண்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் அதில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்திருந்தாலும் நீங்களாக ஸ்பேனரை எடுத்து இன்னும் இறுக்காதீர்கள். தேதி தெரிகிற மாதிரி அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டு, ஜாப் கார்டோடு அன்றே போங்கள்.